ஊர்ச் செய்தியும் ஊர் இதழும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதியோர் பலரும் சென்னையில் வெளிவந்த இதழ்களையே முதன்மையாகக் கொண்டு தம் வரலாற்றை அமைத்துள்ளனர். 1882இல் கிழமை இதழாகத் தோன்றி 1899இல் நாளிதழாக மலர்ந்த சுதேசமித்திரன், 1917இல் திரு. வி. க. ஆசிரியப் பொறுப்பேற்ற தேசபக்தன், 1934இல் தோன்றிய தினமணி என அவ்வரலாறு நடைபெறும். இவ்விதழ்களின் பெருமையை மறுப்பார் இலர். ஆயினும், ஒரு தெருவில் குடிநீர்க் குழாய் எந்நாளில் பதிக்கப்பட்டது, ஒரு சந்தையில் வெங்காயம் என்ன விலைக்குப் போயிற்று, ஓர் ஊர்த் திருவிழாவில் எந்த நாடகம் நடிக்கப்பட்டது என்பன போன்ற சிறு செய்திகளைச் சுமந்த தாள்களுக்கு அவ்வரலாற்றில் உரிய இடம் வாய்க்கவில்லை. அத்தாள்கள் இன்று சுருங்கியும் மறைந்தும் வருகின்றன. அம்மறைவால் படிப்போர்க்கு நேரும் இழப்பு யாது என்பதைத் திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் சான்றாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்தி என்னும் சொல் பழந்தமிழில் இன்றைய பொருளில் மட்டும் வழங்கியதன்று. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் அச்சொல் பிறர் செய்த நன்மையைக் குறித்து நின்றதை அறிஞர் அறிவர். ஊரார்க்கு ஒன்றை அறிவிக்க அந்நாளில் முரசு பயன்பட்டது. மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதை, யானைமேல் முரசேற்றி விழாவினை அறிவித்த முறையை விரித்துரைக்கின்றது. முரசின் ஒலி கேட்ட அளவில் தேய்ந்துவிடும். கேட்டவர் நினைவில் உள்ள வரையில்தான் அச்செய்திக்கு வாழ்வு. ஊரில் வாய்வழியாகப் பரவும் பேச்சுக்கும் இவ்வியல்பே உரியது.

இவ்வாய்ப்பேச்சின் இயல்பைத் தமிழில் முதன்முதல் நுட்பமாகத் தீட்டிய உரைநடை நூல்களுள் ஒன்று திண்டுக்கல் சமவெளியினின்றே தோன்றிற்று. வத்தலக்குண்டில் பிறந்த பி. ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேகசிந்தாமணியில் தொடராக வெளிவந்தது. அதில் அவர் ‘வம்பர் மகாசபை’ என்று பெயரிட்டு ஊர்ப் பெண்டிரின் பேச்சுக் கூட்டத்தைப் படைத்துள்ளார். நகைச்சுவைக்காக அப்பகுதியைப் பலரும் பாராட்டுவர். யான் கருதுமாறு, அதன் சிறப்பு நகைச்சுவையோடு அமைவதன்று. ஒரு சொல் வாய்விட்டு வாய் மாறும்போது எவ்வாறு பெருகுகின்றது, அதனை முதலில் சொன்னவர் எவ்வாறு மறைந்து போகின்றார், இறுதியில் துன்புறுபவர் யாரிடம் சென்று முறையிடவும் இயலாத நிலை எவ்வாறு உண்டாகின்றது என்பனவற்றை அந்நாவல் காட்டுகின்றது. இன்று கைப்பேசியில் வாட்ஸ்அப் குழுக்களின் வழியாக ஊர்ச் செய்தி பரவும் முறையை நோக்குவோர்க்கு ராஜமய்யரின் சபை நினைவிற்கு வாராமற் போகாது. ஆற்றங்கரைக்கு மாற்றாகக் கையகலத் திரை வந்துள்ளது; முதலில் சொன்னவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அச்சிட்ட ஊர் இதழ் இதனினும் வேறானது. 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் தெளிவாகக் காட்டப்பெறல் வேண்டும் என்று விதித்தது. ஆங்கில அரசு இதழ்களைக் கண்காணிக்கும் கருத்துடன்தான் அவ்விதியைச் செய்தது என்பதில் ஐயமில்லை. எனினும் நாளடைவில் அவ்விதி ஊராருக்கே பயன்படுவதாயிற்று. கடைசிப் பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் நிற்கும் அந்த ஒரு வரி, இத்தாளில் உள்ள சொல்லுக்கு இன்ன பெயருடையவர், இன்ன தெருவில் இருந்துகொண்டு, விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதை உணர்த்துகின்றது. செய்தியில் பிழை நேரின் மறுப்பு வெளியிடுமாறு கேட்கலாம், வழக்கும் தொடுக்கலாம். அச்சட்டத்திற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட சட்டம் 2024 மார்ச்சு முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. இதழ்களைப் பதிவு செய்யும் முறை இன்றும் தொடர்கின்றது. பதிவு செய்துகொண்டு வெளிவரும் ஊர்த் தாள்கள்தாம் அருகுகின்றன.

வத்தலக்குண்டைப் பற்றி மேலும் சில கூறுதல் வேண்டும். அச்சிற்றூரோடு தொடர்புடைய நால்வர் தமிழ் இதழுலகிற்கு அளித்த தொண்டு வியப்பிற்குரியது. ராஜமய்யர் 1896 முதல் 1898இல் மறையும் வரையில் பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக விளங்கினார். 1884இல் அங்குப் பிறந்த சுப்பிரமணிய சிவா, சிறைத்துன்பங்களுக்குப் பின் 1913இல் ஞானபாநுவைத் தொடங்கினார். பி. எஸ். ராமையா மணிக்கொடியைச் சிறுகதைக்குரிய இதழாக நடத்திப் புகழ் பெற்றார். அவ்வூரில் வளர்ந்த சி. சு. செல்லப்பா 1959இல் எழுத்து என்னும் இதழைத் தோற்றுவித்துப் புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் களம் அமைத்தார். ஆயினும், இந்நால்வரின் இதழ்களும் சென்னையில் நடந்தன. நாடு முழுதும் பரவிய கருத்துகளுக்காக நடந்தன. வத்தலக்குண்டின் சந்தை நாளையும் கண்மாய் நீரையும் அவை பதிவு செய்தல் எதிர்பார்க்கத் தக்கதன்று. ஊர் தன் மக்களுள் சிறந்தாரை இதழுலகிற்கு அனுப்பிவிட்டு, தன்னைப் பற்றிய குறிப்பைப் பெயர் தெரியாத பகுதிநேரச் செய்தியாளர்களிடம் விட்டுவைத்தது. இலக்கிய வரலாறு முன்னவரைப் போற்றியுள்ளது. பின்னவர் எழுதியவற்றைத் தொகுத்துப் பார்க்கும் முயற்சியும் ஆய்வுலகிற்கு உரியதே.

ஊர் இதழ் என்பது இருவகைப்படும். ஊரிலேயே ஓர் அச்சகத்தார் வெளியிடும் கிழமை அல்லது திங்களிருமுறைத் தாள் ஒருவகை. பெருநகரில் அச்சாகும் நாளிதழில் ஒரு மாவட்டத்திற்கென ஒதுக்கப்பெறும் பக்கங்கள் மற்றொரு வகை. திண்டுக்கல்லைப் பொறுத்தவரை இரண்டாம் வகையே வலுப்பெற்றது. மதுரை ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் இருப்பதும், அங்கு அச்சான தாள் இருப்புப் பாதையாலும் சாலையாலும் விடியுமுன் வந்து சேர்வதும் அதற்குக் காரணம் எனலாம். 1942 நவம்பர் முதல் நாளன்று சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எளிய சொற்களாலும் குறுகிய தொடர்களாலும் எழுத்தறிவு குறைந்தாரையும் படிக்க வைத்தது. சிற்றூர்களின் காவல் நிலையச் செய்தியும் நீதிமன்றச் செய்தியும் அச்சேறத் தக்கனவே என்னும் எண்ணத்தை அது நிலைநாட்டியது. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிப் பின்னர்த் திருநெல்வேலிக்கு மாறிய தினமலரும் ஒரு வட்டாரத் தமிழரின் குரலாகவே தன் வாழ்வைத் தொடங்கியது. இந்திய மொழி நாளிதழ்கள் 1970களின் இறுதி முதல் எழுத்தறிவின் வளர்ச்சியாலும் புதிய அச்சு முறையாலும் மாவட்டந்தோறும் பரவியதை ராபின் செப்ரி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஊர்ச் செய்தியே அவ்வளர்ச்சிக்கு உரமாயிற்று. இன்று சுருங்குவதும் அப்பகுதியே.

சென்னைக்கு வெளியே தோன்றிய இதழ்கள் கருத்து வலிமையில் குறைந்தன அல்ல என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும். பெரியார் 1925இல் ஈரோட்டில் குடி அரசைத் தொடங்கினார். காரைக்குடியினின்று குமரனும் ஊழியனும் வெளிவந்தன. 1929இல் இராசாசி திருச்செங்கோட்டு ஆசிரமத்தினின்று மதுவிலக்கிற்கென விமோசனம் நடத்தினார். குடி அரசில் சிற்றூர்க் கூட்டங்களையும் சுயமரியாதைத் திருமணங்களையும் பற்றி வெளியான சிறுகுறிப்புகள், அவ்வியக்கத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு இன்று தலைவர்களின் சொற்பொழிவுகளுக்கு இணையான சான்றாக நிற்கின்றன. அன்று அக்குறிப்புகளை அனுப்பியவர் வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்க மாட்டார்.

இனி, மாவட்டப் பக்கத்தில் இடம்பெறும் பொருள்களை நோக்குவோம். ஒட்டன்சத்திரம் சந்தையின் காய்கறி விலை, நிலக்கோட்டைப் பூச்சந்தையின் மல்லிகை விலை, ஆத்தூர்க் காமராசர் அணையின் நீர்மட்டம், மின்தடை அறிவிப்பு, கோட்டை மாரியம்மன் திருவிழா நிகழ்ச்சி நிரல், பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர்க்கான ஏற்பாடு, நத்தம் பூக்குழி, காணாமற்போன பத்திரம் பற்றிய விளம்பரம், நீத்தார் நினைவு அஞ்சலி, ஏல அறிவிப்பு என அவை பலவாகும். ஒருநாள் தாளை எடுத்துப் படித்தால் இவற்றில் ஒன்றும் இல்லை என்றே தோன்றும். முப்பது ஆண்டுத் தாள்களை அடுக்கி வைத்துப் படிப்பார்க்கு ஒரு சமவெளியின் வேளாண்மையும் வாணிகமும் வழிபாடும் மாறிய வரலாறு புலனாகும். சின்னாளபட்டிச் சுங்குடியும், திண்டுக்கல் பூட்டும், சுருட்டும், தோலும் எந்த ஆண்டுகளில் விளம்பரத்தில் மிகுந்தன, எந்த ஆண்டுகளில் குன்றின என்பதை வேறெந்த நூலும் நமக்குக் கூறாது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தலைநகர் இதழ்களும் வெளியிட்டன. பூட்டுப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதை வெளியிடும் பொறுப்பு ஊர்ப் பக்கத்தைச் சார்ந்தது.

மொழியாராய்ச்சியாளர்க்கு இப்பக்கங்கள் இன்னும் நெருக்கமான பயனுடையவை. தேர்தலில் நிற்பவர் முன்பு அபேட்சகர் எனப்பட்டார். பின்னர் வேட்பாளர் ஆனார். காரியதரிசி செயலாளராகவும், அக்கிராசனர் தலைவராகவும், பிரசங்கம் சொற்பொழிவாகவும் மாறின. தனித்தமிழ் இயக்கத்தாலும் திராவிட இயக்கத்தாலும் இம்மாற்றம் நிகழ்ந்தது என்று பொதுவாகக் கூறி அமைகின்றோம். ஆனால், ஒரு சொல் சென்னை மேடையில் பிறந்து வேடசந்தூரின் கூட்ட அறிவிப்புக்கு வந்து சேர எத்துணை ஆண்டுகள் ஆயின? அறிவிப்பை எழுதியவர் பழைய சொல்லையும் புதிய சொல்லையும் எத்துணைக் காலம் அருகருகே வழங்கினார்? இவ்வினாக்களுக்கு விடை தரவல்லவை நாளிட்ட ஊர்த் தாள்களும் துண்டறிக்கைகளுமே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி இலக்கியச் சொற்களில் செல்வம் மிக்கது; தொழிற்சொற்களில் அத்துணைச் செல்வம் உடையதன்று. 1992இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் வழங்கும் சொற்களுக்கு உரிய மதிப்பளித்து அக்குறையைப் பெரிதும் போக்கியது. மாங்காய்ப் பூட்டு என்பது போன்ற பட்டறைச் சொற்களைத் தொகுக்க விரும்பும் அடுத்த அகராதியாளர் எங்குச் சென்று தேடுவார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இவை புலவர்க்குரிய கவலைகள் மட்டுமே என்று கொள்ளற்க. நாட்டின் சட்டங்கள் சில, ஊர் இதழைப் படிப்போர் இருக்கின்றனர் என்னும் நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டவை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தற் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நிலம் எடுக்கப்படவுள்ளது என்னும் அறிவிப்பை அவ்வட்டாரத்தில் வழங்கும் இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும் என்றும், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் அமைதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. உரிமையியல் வழக்கில் எதிர்வாதியை நேரிற் கண்டு அழைப்பாணை தர இயலாதபோது, அவர் இறுதியாக வாழ்ந்த வட்டாரத்தில் வழங்கும் நாளிதழில் அதனை வெளியிடச் செய்யும் வழக்கமும் உண்டு. வெளியிட்டாயிற்று எனில், உரியவர் அறிந்தார் என்றே சட்டம் கொள்ளும். இதழ் வாங்குவோர் குறையக் குறைய, அறியாமலே அறிந்தவராகக் கருதப்படும் உழவரின் எண்ணிக்கை பெருகும்.

ஊராட்சி முறையிலும் இவ்வாறே. 1866இல் நகராட்சியான திண்டுக்கல் 2014இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தமிழ்நாட்டின் ஏனைய நகரங்களைப் போன்றே இங்கும் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. தனி அலுவலரே ஆட்சி நடத்தினார். 48 வட்டங்களுக்கும் உறுப்பினர் இல்லாத அவ்வாண்டுகளில் மன்ற விவாதமும் இல்லை; அவ்விவாதத்தின் குறிப்பேடும் இல்லை. குப்பை, குடிநீர், கடை வாடகை பற்றி மக்கள் கேட்ட வினாக்கள் எழுத்து வடிவில் எஞ்சியிருப்பின், அவை மனுக்களிலும் ஊர்ப் பக்கங்களிலுமே எஞ்சியிருத்தல் கூடும்.

தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு சட்டம் பயில்வோர் அனைவரும் அறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கின் தீர்ப்பு திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்தியது. ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. தீர்ப்பில் கோட்பாடு உள்ளது. எந்தத் தோட்டத்துக் கிணறு எந்தக் கோடையில் உவர்த்தது, எந்த ஊரார் முதலில் தண்ணீர்க் குடத்துடன் சாலையில் அமர்ந்தனர் என்பன தீர்ப்பில் இடம்பெறும் பொருள்கள் அல்ல. அவற்றை அறிய விழைவோர் செல்ல வேண்டிய இடம் வேறு.

ஊர் இதழ் மறைந்தால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய ஆய்வு அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டில் 2004க்குப் பின் ஏறத்தாழ 1,800 இதழ்கள் மறைந்தமையை வட கரோலினாப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டனர். அதனினும் நமக்குப் பயன்படுவது சின்சினாட்டி போஸ்ட் என்னும் நாளிதழைப் பற்றிய ஆராய்ச்சி. அவ்விதழ் 2007ஆம் ஆண்டின் இறுதி நாளோடு நின்றது. அந்நகரில் அதனினும் பெரிய நாளிதழ் ஒன்று தொடர்ந்து வெளிவந்தது. எனினும், நின்றுபோன இதழ் மிகுதியாகச் செய்தி வெளியிட்டு வந்த கென்டக்கிப் புறநகர்களில், அடுத்து வந்த ஊராட்சித் தேர்தல்களில் போட்டியிட்டோர் குறைந்தனர், வாக்களித்தோரும் குறைந்தனர், முன்பே பதவியில் இருந்தவர் மீண்டும் வெல்வது மிகுந்தது. பெரிய இதழ்கள்தாம் இருக்கின்றனவே, சிறியவை போனால் என்ன என்று கேட்போர்க்கு இவ்வாய்வு தக்க விடையாகும். திண்டுக்கல்லிலும் நாளிதழ்கள் நாள்தோறும் வருகின்றன. அவற்றுள் திண்டுக்கல் எவ்வளவு என்பதே கேள்வி.

குறைவுக்குரிய காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. திருமணத்திற்கும் காதணி விழாவிற்கும் இன்று சாலையோரப் பலகையும் கைப்பேசிப் படமும் போதும் என்றாயிற்று. சிறு விளம்பர வருவாய் அவ்வழியே போயிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக நாடு அடைக்கப்பட்டபோது தாளைத் தொடவும் அஞ்சி நிறுத்தியோர் பலர் மீண்டும் வாங்கவில்லை. 2022இல் தாள் விலை ஏறியது, பக்கங்கள் குறைந்தன. பக்கம் குறையும்போது முதலில் குறைவது ஊர்ப் பக்கமே. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட வழக்கமும், கட்சிப் படிப்பகங்களும் மங்கின. அங்கு ஒரு தாளை இருபது பேர் படித்தனர் என்பதோடு, படித்தவுடனே அதனை மறுத்துப் பேசவும் செய்தனர் என்பது நினைக்கத்தக்கது.

ஊர் இதழைத் தூயதெனப் போற்றுதல் ஆராய்ச்சியாகாது. விளம்பரம் தருவார்க்கு அஞ்சிய இதழ்கள் உண்டு. பெயர்ப் பலகையைக் காட்டிப் பணம் பறித்தாரும் உண்டு. சேரியில் நடந்ததை எழுதாது விட்ட பக்கங்கள் மிகப்பல. ஒடுக்கப்பட்டோர் தமக்கென இதழ் காண நேர்ந்தது இதனாலேயே. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பறையன் இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஒரு பைசாத் தமிழனையும் தொடங்கினர். அயோத்திதாசரின் எழுத்துகள் நெடுங்காலம் கற்றோர் பார்வைக்கு எட்டாதிருந்து, ஆர்வலர் சிலர் பேணிவைத்த பழம் பிரதிகளின் துணையால் 1999இல் ஞான. அலாய்சியசால் தொகுப்பாக வெளிவந்தன. அப்பிரதிகள் பழைய தாள் கடைக்குப் போயிருப்பின் தமிழ்ச் சிந்தனை வரலாற்றின் ஓர் அதிகாரமே இல்லாமற் போயிருக்கும். பாரதியார் சுதேசமித்திரனில் எழுதியவற்றைப் பெ. தூரன் 1953இல் பாரதி தமிழ் என்னும் நூலாகக் கால முறைப்படி தொகுக்க முடிந்ததும் பழைய தொகுதிகள் இருந்தமையால்தான்.

திண்டுக்கல் பக்கங்களுக்கு அத்தகைய காப்பு உண்டா என்று கேட்பது முறை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் 1956இல் திருத்தப்பட்டு நாளிதழ்களையும் தழுவியது. அதன்படி சென்னைக் கன்னிமாரா நூலகம் பிரதி பெறும் நூலகங்களுள் ஒன்றாயிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் முயற்சியால் திரட்டிய இதழ்களும் துண்டறிக்கைகளும் இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் உள்ளன. ஆனால், ஒரே நாளில் ஒரே பெயரில் பல ஊர்ப் பதிப்புகள் வெளிவரும் நாளிதழில், எந்தப் பதிப்பு நூலகத் தொகுதியில் உள்ளது என்பதை ஆய்வாளர் முதலிற் பார்த்தல் வேண்டும். சென்னைப் பதிப்பைக் கட்டி வைத்திருப்பதால் திண்டுக்கல் பக்கம் காக்கப்பட்டதாகாது. இணையப் பதிப்பும் இதற்கு முழு மாற்றாகாது. நிறுவனம் கணக்கை மூடும் நாளில் அதுவும் மூடும்.

இத்துறையில் ஆய்வேடு எழுத முன்வரும் மாணவர்க்குத் தேடும் முறை பற்றி ஒன்று கூறலாம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15ஆம் நாள். அதற்கு முற்பட்ட செய்திகள் அனைத்தும் மதுரை மாவட்டச் செய்திகளுள் கலந்து கிடக்கும். 1973 மே மாதத்தில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில், தொடங்கி ஏழே திங்களான அ.தி.மு.க.வின் சார்பில் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் வென்ற செய்தியைக் கூட, ஊர்ப்புற விவரங்களோடு படிக்க விரும்புவோர் மதுரைத் தொகுதிகளையே புரட்ட வேண்டும். 1985க்குப் பின்னும் மாவட்டத்தின் பெயர் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அது திண்டுக்கல் அண்ணா மாவட்டம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. தலைவர் பெயர்கள் மாவட்டங்களினின்று நீக்கப்பட்ட 1997க்குப் பிறகே வெறும் திண்டுக்கல் என்பது நிலைத்தது. ஆதலின், தொகுதிகளின் முதுகில் உள்ள பெயரை நம்பாது, ஆண்டையும் திங்களையும் கொண்டே தேடுதல் நலம்.